உங்களுக்குத் தெரியுமா? ஒரகடத்து ஆயுத பூஜை

நவராத்திரிப் பயணம் என்றதும் மைசூர் தசராவுக்குக் கிளம்புகிறோம். அங்கே அரண்மனையும் யானையும் அழகுதான்; ஆனால் கருவியைக் கும்பிடும் நாளைக் கருவிகள் புழங்கும் இடத்தில் பார்ப்பதே பொருத்தம். அதற்குத் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலை போதும். தொழிற்சாலைக்குள் வெளியாளை விடமாட்டார்களே என்பீர்கள். உண்மைதான், ஆனால் பூஜை கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுவதில்லை. மெக்கானிக் ஷெட்டில் ஸ்பானருக்கும் சந்தனம், குங்குமம். வாழைக்கன்று கட்டிய லாரி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் நகரும். பொரிகடலை வழிப்போக்கருக்கும் கிடைக்கும். (சாலையில் உடைத்த பூசணிக்காய் வழுக்கும், டூவீலர்காரர்கள் ஜாக்கிரதை!) ஆயுத பூஜை நாளான நவமி அரசு விடுமுறை என்பதால் பல பட்டறைகளில் முதல் நாளே படையல் போட்டுவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போவதே நல்லது.