கம்பம் சாய்ந்தால் எண்ணைச் சொல்லுங்கள்

கீழ்ப் பழனி மலையில் தை, மாசி மிளகு பறிக்கும் காலம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்துகிற ஆள் கொடியைப் பார்ப்பாரே தவிர, மேலே போகும் மின்கம்பியைப் பார்ப்பதில்லை. மூங்கில் ஏணிக்குப் பதிலாக அலுமினிய ஏணியும் வந்துவிட்டது. தூக்க இலகுதான், கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். ஈர மூங்கிலையும் நம்ப முடியாது.

சாலை அல்லாத இடங்களில் 11,000 வோல்ட் வரையுள்ள உறையில்லாத கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டருக்கு, அதாவது சுமார் 15 அடிக்குக் குறையக் கூடாது என்பது விதி. கம்பம் நட்டபோது அந்த உயரம் இருந்திருக்கும். பிறகு மழையில் மண் இளகிக் கம்பம் சாயும், கம்பி தொய்யும். சரிவில் நாமே மண் கொட்டி மேடையாக்கி விடுவதும் உண்டு. அப்போது 15 அடி 12 அடியாகிவிடும்.

இதைக் கம்பத்தில் ஏறாமலே அளக்கும் கருவிகள் வந்துள்ளன. லேசர் ஒளி கம்பியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். சிறு ஆளில்லா விமானத்தில் இதைப் பொருத்திப் பறக்கவிட்டால் கம்பத்தின் சாய்வு, கம்பியின் தொய்வு, பக்கத்து மரக்கிளை நிற்கும் தூரம் எல்லாம் தெரியும். பல நாடுகளில் ஒவ்வொரு கம்பத்துக்கும் இவ்வாறு கணினியில் கணக்கு வைக்கிறார்கள். 2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் டிரான்ஸ்பார்மர்களுக்கு மீட்டர் வைப்பதும் உண்டு. எந்த டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் நின்றது என்பதை இத்தகைய மீட்டர் மூலம் அலுவலகத்திலிருந்தே அறியலாம்.

ஆனால் நம் மலைக்கு இது மட்டும் போதாது. பனிமூட்டத்தில் லேசர் ஒளி சிதறிவிடும். தைல மரமோ ஒரே பருவமழையில் மளமளவென்று வளர்ந்துவிடும். சென்ற ஆண்டு அளந்தது இந்த ஆண்டுக்கு உதவாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கம்பங்கள் விழுந்தன. அப்படிப்பட்ட நாளில், பழுது எங்கே என்று தெரியாமல் லைன்மேன் சரிவெல்லாம் நடந்து தேட வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் தோட்டத்துக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் இன்றே குறித்து வையுங்கள். இல்லையென்றால் டிரான்ஸ்பார்மரிலிருந்து எத்தனையாவது கம்பம் என்று எண்ணி, மின் இணைப்பு எண்ணுடன் சேர்த்து எழுதுங்கள். கம்பம் சாய்ந்தாலோ கம்பி தாழ்ந்தாலோ தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்திலோ மின்னகத்தின் 94987 94987 எண்ணிலோ புகார் செய்யலாம், இரவிலும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பியை உரசும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி வெட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள். புதிதாக நடும்போது கம்பிக்கு நேர் கீழே சில்வர் ஓக் வேண்டாம்; கவாத்து செய்து தாழ்வாக வைக்கக்கூடிய காப்பி போதும். ஸ்டே கம்பியில் மாடு கட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.