விறைத்த ரொட்டி தோசைக்கல்லில் இளகுவது எப்படி?

புளித்த மாவில் சுட்ட சவர்டோ ரொட்டி முதல் நாள் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். மூன்றாம் நாள் கத்தி இறங்காது. ஈரம் காய்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த விளக்கம் போதாது என்று 1852-லேயே காட்டிவிட்டார் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசிங்கோ. காற்றுப் புகாமல் மூடிவைத்த ரொட்டி, ஈரம் போகாமலேயே விறைத்தது. அதைவிட வியப்பு, விறைத்த ரொட்டியை அடுப்பில் சூடாக்கியபோது நடந்தது. இன்னும் கொஞ்சம் நீர் ஆவியாகிப் போனது, ஆனாலும் ரொட்டி இளகிவிட்டது. நீர் குறையும்போதே மென்மை கூடுகிறது என்றால் விறைப்புக்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம் மாவுச்சத்தில் இருக்கிறது. கோதுமை மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு: நீண்ட சங்கிலியான அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின். அடுப்புச் சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, ஒழுங்கு குலைந்து கூழாகின்றன. ரொட்டி ஆறும்போது அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகி அதற்கு உருவம் தருகிறது. ஆறிய ரொட்டியை நசுங்காமல் வெட்ட முடிவது அதனால்தான். அமைலோபெக்டின் மெதுவாக வேலை செய்யும். அதன் கிளைகள் நாள்கணக்கில் ஒன்றையொன்று நெருங்கி, வரிசையாகப் படிந்து, நுண்ணிய படிகங்களாகின்றன. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போய், சூடாக்கினால் மறுபடி குழைகிறதே, அதுவும் இதே வேலைதான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெதர்லாந்து விஞ்ஞானி ஜே. ஆர். காட்ஸ், எந்த வெப்பநிலையில் ரொட்டி எவ்வளவு வேகமாக விறைக்கிறது என்று ஆராய்ந்தார். உறைநிலைக்குச் சற்று மேலே வேகம் உச்சத்தில் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருந்தால் அநேகமாக விறைப்பதே இல்லை. ஆக, ரொட்டியை மென்மையாகக் காப்பாற்ற ஃப்ரிட்ஜைப்போல மோசமான இடம் வேறில்லை. ஃப்ரீசரில் ஆழ உறைந்துவிட்டால் படிகம் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும்.

நம் ஊரில் பாம்பே டோஸ்ட் என்று அழைக்கப்படும் பிரெஞ்சு டோஸ்ட், இந்தப் படிகங்களை முதலில் பயன்படுத்திக்கொண்டு பிறகு உருக்கிவிடும் சமையல். மிச்சமானதை எப்படியாவது தீர்க்கும் வழியாக மட்டும் அதைப் பார்ப்பது அநியாயம். அன்று சுட்ட ரொட்டியைப் பாலும் முட்டையும் கலந்த கலவையில் போட்டுப் பாருங்கள். அதன் காற்றறைச் சுவர்கள் நனைந்து சரியும், எடுக்கும்போது துண்டு பிய்ந்து வரும். நாள்பட்ட ரொட்டியில் படிகமான மாவுச்சத்து சுவர்களைத் தாங்குகிறது. திறந்து வைத்திருந்த ரொட்டி என்றால், வெளியேறிய ஈரத்தின் இடத்தையும் பால் பிடித்துக்கொள்கிறது. பிறகு தோசைக்கல்லில் துண்டின் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது அமைலோபெக்டின் படிகங்கள் உருகுகின்றன. பூசிங்கோவின் அடுப்பில் நடந்ததும் இதுவே. அமைலோஸின் கட்டு அவிழ 100 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். ஈரமான உள்பகுதி அவ்வளவு சூடேறாது. அதனால் உருவம் நிற்கிறது, விறைப்பு மட்டும் போகிறது.

அதே நேரத்தில் முட்டையும் இறுகுகிறது. வெள்ளைக்கருவின் புரதங்கள் 62 டிகிரி வாக்கில் கட்டத் தொடங்கும், மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள். பால் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடுதல் சூடு தேவைப்படும். அபிசியஸ் பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் நூலில், ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு ஒன்று இருக்கிறது. முட்டை அதில் இல்லை. அப்படிச் செய்தால் உள்ளே பால் ஊறிய கூழ்தான் கிடைக்கும். முட்டைப் புரதங்கள் வலையாகப் பின்னிக்கொண்டு அந்தப் பாலைச் சிறைபிடிக்கின்றன.

இதற்குச் சவர்டோவை நான் குறிப்பாகச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அதன் நுண்ணுயிர்கள். அமெரிக்க வேளாண் துறையின் கலிபோர்னியா ஆல்பனி ஆய்வகத்தைச் சேர்ந்த கிளைன், சுகிஹாரா இருவரும் 1971-இல் சான்ஃபிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அது உறவு. மாவிலிருக்கும் மால்டோஸ் சர்க்கரைதான் அதற்குப் பிரியமான உணவு; கூடவே வாழும் ஈஸ்ட்டோ மால்டோஸைத் தொடுவதில்லை. சண்டையில்லாத குடித்தனம். பாக்டீரியா சுரக்கும் லாக்டிக், அசிட்டிக் அமிலங்களில் பின்னது பூஞ்சணத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே பூஞ்சணம் முந்திக்கொள்ளாமல், ரொட்டி விறைக்க அவகாசம் கிடைக்கிறது. (ஒரு புள்ளி பூஞ்சணம் தெரிந்தாலும் முழு ரொட்டியையும் எறிந்துவிடுங்கள். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.)

புளிப்பு இன்னொன்றும் செய்கிறது. மாவிலேயே உள்ள நொதிகளைத் தூண்டிப் புரதங்களை உடைத்து, அமினோ அமிலங்களை விடுவிக்கிறது. இந்த அமிலங்களும் பாலின் லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் கல்லின் சூட்டில் வினைபுரிந்துதான் பழுப்பு நிறமும் மணமும் வருகின்றன. 1912-இல் இதை விவரித்த லூயி கமில் மயார் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டி மேலோட்டின் மணத்தில் பெரும்பங்கு 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மத்துக்கு. பாஸ்மதிக்கும் ரம்பை இலைக்கும் அந்த வாசனையைத் தருவதும் இதுவே. சோற்றின் மணத்தில் அதை அடையாளம் கண்டு 1982-இல் வெளியிட்ட பட்டெரி, அதே ஆல்பனி ஆய்வகத்தில் பணியாற்றியவர்.

செய்முறைக்கு வருவோம். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் நான்கு துண்டுகள், மூன்று முட்டை, 250 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு. பெரிய ஓட்டைகள் உள்ள ரொட்டியில் கலவை ஒழுகிவிடும், நெருக்கமான ரொட்டியே நல்லது. முட்டையை உப்புடன் இழை தெரியாத அளவுக்கு அடித்த பிறகே பாலை ஊற்றுங்கள். இல்லையென்றால் டோஸ்ட்டின் மேல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சவர்டோவின் தடித்த ஓரம் சுலபத்தில் நனையாது. பக்கத்துக்கு ஐந்து நிமிடமாவது ஊறட்டும், நடுவில் அழுத்தினால் கடினம் தட்டக் கூடாது. நெய்யில், மிதமான தீயில், இரு பக்கமும் நிதானமாகச் சுடுங்கள். தீ அதிகமானால் மேலே கருகும், மையம் முட்டை வேகும் சூட்டை எட்டாது. கலவையில் சர்க்கரை சேர்த்தாலும் இதே ஆபத்துதான். இனிப்பு வேண்டுமானால் தட்டில் வைத்தபின் தேன் ஊற்றிக்கொள்ளலாம், புளிப்பும் தெளிவாகத் தெரியும். ஆறவிடாமல் சாப்பிடுங்கள். ஆறியதும் அமைலோபெக்டின் மறுபடி படிகமாகத் தொடங்கிவிடும்.