பெர்மிட், கிராண்ட், டீட்: எல்லாம் ஒன்றுதானா?



1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. காணியைப் பற்றிக் கேட்டால் ஒருவர் "பெர்மிட் இருக்கு" என்பார். இன்னொருவர் "கிராண்ட் கெடைச்சிருச்சு" என்பார். மற்றவர் "டீட்" என்பார். எல்லாம் காணிக் கடதாசிதானே என்று நாமும் தலையாட்டி விடுகிறோம். கோளாறு அங்கேதான்.

பிள்ளையின் ஆங்கில - தமிழ் அகராதியை விரித்துப் பாருங்கள். பெர்மிட் என்றால் அனுமதி. கிராண்ட் என்றால் மானியம், கொடை. டீட் என்றால் செயல்! காணி எங்கே போனது? முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தால்தான் 'உறுதி' என்பது கண்ணில் படும்.

கிட்டத்தட்ட ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகக் காட்டும் புத்தகத்துக்குத் தெசோரஸ் என்று பெயர். ரொஜே என்ற ஆங்கிலேய வைத்தியர் 1852இல் வெளியிட்டது பேர்போனது. ஆனால் அது பக்கத்துச் சொல்லைக் காட்டுமே தவிர வித்தியாசத்தை விளக்காது. அதற்கு அகராதியும் வேண்டும். நமக்கு இது புதிதல்ல. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியில் ஒரு சொல்லின் பல பொருளுக்கு ஒரு பகுதி, ஒரு பொருளின் பல சொல்லுக்கு இன்னொரு பகுதி என்று இரண்டுமே இருக்கின்றன.

சரி, காணிக்கு வருவோம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரச காணியில் நிபந்தனையோடு இருந்து பயிர் செய்ய விடுவது பெர்மிட். அந்த நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பிறகு கொடுப்பது கிராண்ட், அதாவது அளிப்புப் பத்திரம். ஜயபூமி என்று வந்ததும் இந்த வகைதான். சனங்கள் அதையும் 'உறுதி' என்றே சொல்வார்கள். இது பெர்மிட்டை விடப் பலமானது. ஆனாலும் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது. தனியார் காணியின் உறுதிக்கு இந்தக் கட்டு இல்லை. "உறுதிக் காணிதாண்ணே" என்ற வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அலைவது இதனால்தான். பெர்மிட், கிராண்ட் இரண்டிலும் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிந்து வைக்கலாம். பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வன்னியில் காணி வாங்கப் போகிறவர், பணத்தை எடுக்குமுன் பத்திரத்தின் தலைப்பில் உள்ள சொல்லைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் கேளுங்கள்: "ஐயா, இது எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த பத்திரம்?"