குரல்செய்தியும் ஒரு சாட்சிதான்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் என் வாப்பா புடவைக்கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் வெளியூர் வியாபாரிகள் பஸ் ஏறி வந்து, துணியைத் தொட்டுப் பார்த்தே வாங்குவார்கள். கடன் கணக்குப் புத்தகத்தில் ஏறும். இன்று படம் வாட்ஸ்அப்பில் போகிறது. "நாற்பது அனுப்புங்க நானா" என்று குரல்செய்தி வருகிறது. மாலையில் பொதி லொறியில் ஏறுகிறது.

சென்ற வருடம் ஒரு வியாபாரி, தான் இருபதுதான் கேட்டதாகச் சாதித்தார். "கையெழுத்து இல்லையே, என்ன செய்வது?" என்று வாப்பா சோர்ந்துபோனார்.

ஆனால் சட்டம் அவரைக் கைவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. காணி விற்பனை, மரண சாசனம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது.

நல்லவேளை, அந்தக் குரல்செய்தி அழிக்கப்படாமல் இருந்தது. அதை நான் தேடி எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். நீதிமன்றம் போகாமலே பிணக்குத் தீர்ந்தது.

கடனை எழுதிவைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதும் இடம்தான் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. எனவே, வீட்டிலிருந்து கேக்கும் அபாயாவும் விற்கும் சகோதரிகளே, எண்ணிக்கை, விலை, திகதி மூன்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலைப் பெறுங்கள். தானாக மறையும் செய்தி வசதியை நிறுத்திவையுங்கள். நம்பிக்கை பெரிது, அதைக் காப்பது பதிவு.