மாதவிடாய் ஓய்வும் தொழில்புரியும் மாதரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூர்ச் செம்மண் தோட்டங்களிலே விடியற்காலையில் வேலை தொடங்கிவிடும். முதுகு வளைத்து வெங்காயம் நடுவோரிலும் களை பிடுங்குவோரிலும் நடுவயதுப் பெண்கள் பலர். அதே வேளையில் அவ்வூரின் வேறு பெண்கள் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கந்தோருக்கும் சங்கக்கடைக்கும் புறப்படுகின்றனர். தொழில் வேறாயினும், இவர்கள் யாவரையும் ஒரு பருவம் வந்தடைகின்றது. அதுவே மாதவிடாய் ஓய்வு.

இஃது ஒரு நோயன்று. பூப்பெய்தலைப் போன்று இயற்கையானது. பூப்பெய்தியதை ஊரறியக் கொண்டாடும் நம் சமூகம், மாதவிடாய் ஓய்வைப்பற்றி வாய் திறப்பதில்லை. பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இது நிகழும். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வாராதிருப்பின் அது நின்றுவிட்டது என்று வைத்தியர் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் ஏறியும் இறங்கியும் பின்னர் குறைந்தும் போகின்றது. அதனால், உடல்வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் மூளைப்பகுதி சிறு மாற்றத்தையும் பெருவெப்பமெனக் கொள்கின்றது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகமும் கழுத்தும் கனன்று வியர்வை பெருகுகின்றது. இரவில் நித்திரை குலைகின்றது. மூட்டுநோ, மறதி, மனச்சோர்வு, காலந்தவறிய மிகையான உதிரப்போக்கு என்பனவும் சிலருக்கு உண்டாகும். சிலர் யாதொரு துன்பமுமின்றி இப்பருவத்தைக் கடப்பர். சிலருக்கோ அது பல ஆண்டுகள் நீடிக்கும்.

இத்துன்பம் தொழிலிடத்தில் வேறு உருக்கொள்கின்றது. இரவு முழுதும் உறங்காத ஆசிரியை, தகரக் கூரையின் கீழ் நின்று பாடம் நடத்தவேண்டும். தாதிக்கு இராக்கடமை உண்டு. கடைப்பெண் நாள்முழுதும் நிற்கின்றாள். தோட்டத்திற் கூலிவேலை செய்பவளுக்கு மலசலகூட வசதியே அருமை. ஒருநாள் நின்றால் அன்றைய கூலி இல்லை. காரணம் அறியாதோர் அவளைச் சோம்பேறி என்பர், சிடுசிடுப்பவள் என்பர். அவளும் நாணத்தால் வாய்திறவாள். ஈற்றில் வேலையையே விட்டுவிடவும் கூடும். அரச ஊழியர் ஓய்வுபெறும் வயது 60. ஐம்பதில் ஒருத்தி விலகுவாளாயின், பத்தாண்டு உழைப்பை அவள் குடும்பம் இழக்கின்றது. அனுபவம் முதிர்ந்த ஒருவரை நிறுவனமும் இழக்கின்றது.

இதற்கு வேண்டிய உதவிகள் பெருஞ்செலவுடையனவல்ல. காற்றோட்டமான இடம், அமர ஓர் இருக்கை, குடிநீர், தூய மலசலகூடம், இடையிடையே சிறு ஓய்வு ஆகியவையே முதலில் வேண்டியவை. இராக்கடமையை மாற்றிக்கொள்ள இடமளித்தலும், வைத்தியரைக் காணச் செல்லும் நாளில் குறுக்குக்கேள்வி கேளாதிருத்தலும் நன்று. மேலதிகாரி ஆணாயின், ஒரு மூத்த பெண் உத்தியோகத்தர் வாயிலாகக் குறையைக் கூற வழி இருத்தல் வேண்டும். தோட்டத்திலோ, உச்சிவெயிலிற் களை பிடுங்குபவளை நிழலில் வெங்காயம் தெரியும் வேலைக்கு மாற்றலாம். ஆயின் கூலி குறையலாகாது. இவ்வுதவியைக் காரணங்காட்டிப் பதவியுயர்வை மறுத்தலும் தகாது.

இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே பிறந்தது. மாதவிடாய் ஓய்வுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, இப்பருவத்தின் துன்பங்கள் நெடுங்காலம் அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிப்பின், அவை இயலாமையாகக் கருதப்படலாம். அப்போது தொழில்தருநர் தகுந்த வசதி செய்யக் கடமைப்பட்டவர். கடைப்பணியாளர் அமர்வதற்கு இருக்கை வேண்டுமெனக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டஞ்செய்தன. அவை மாதவிடாய் ஓய்வைக் கருதி எழுந்தவையல்ல. எனினும் இப்பருவத்துப் பெண்ணுக்கு அவ்விருக்கை பேருதவியாகும்.

வைத்திய உதவியும் எட்டாத ஒன்றன்று. 35 வயதைக் கடந்த பெண்களுக்கெனச் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நடைபெறுகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ விசாரித்து அங்கே செல்லலாம். ஓமோன் சிகிச்சை சிலருக்கு நற்பயன் தரும், சிலருக்கு ஒவ்வாது, வைத்தியரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். மிகையான உதிரப்போக்கு இரத்தச்சோகைக்கு வழிவகுக்கும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அது புற்றுநோயின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும்.

ஆகவே, பாடசாலை அதிபரும் கந்தோர்த் தலைவரும் தோட்டச் சொந்தக்காரரும் தத்தம் இடத்திற் பணிபுரியும் மாதரை ஒருமுறை எண்ணிப்பார்ப்பார்களாக. அமர இருக்கையும் அருந்த நீரும் உண்டா, குறையைக் கூறினால் ஏளனமின்றிக் கேட்பார் உளரா என்று பார்த்து, இல்லாததை நாளையே செய்யத் தொடங்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.