நண்டு பிடிக்கப் போகிறீர்களா?

ஒரு கயிறு. ஒரு மீன் தலை. கைப்பிடி வைத்த ஒரு சிறு வலை.

இவை இருந்தால் போதும். கரையில் நின்றபடியே நண்டு பிடிக்கலாம்!

ஆனால் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எதைப் பிடிக்கக் கூடாது, எதைத் திரும்ப விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கடல்கள்

ராமேசுவரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கம். அதைப் "பெண் கடல்" என்பார்கள். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அது "ஆண் கடல்."

பெண் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் அலை இராது. தரையில் கடல் புல் வளர்ந்திருக்கும். நண்டுக்கு அதுதான் வீடு.

ஆனால் பெண் கடலும் கோபம் கொள்ளும்! ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது அதில் இறங்கக் கூடாது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது ஆண் கடல் சீறும். அப்போது அந்தப் பக்கம் போகக் கூடாது.

ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அந்தப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. அங்கே போய் மீனோ நண்டோ பிடிப்பது குற்றம்.

பிடிப்பது எப்படி?

மீன் தலையைக் கயிற்றில் இறுக்கிக் கட்ட வேண்டும். முழங்கால் அளவு தண்ணீரில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நண்டு வந்து இரையைப் பற்றியதும் கயிறு மெல்ல இறுகும். அப்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். நண்டு இரையை விடாமல் கூடவே வரும்.

தண்ணீரை விட்டு வெளியே வந்தால் நண்டு பிடியை விட்டுவிடும். ஆகையால் அது தண்ணீருக்குள் இருக்கும்போதே அடியில் வலையைக் கொடுத்து ஏந்திவிட வேண்டும்.

நண்டைக் கையால் பிடிப்பதானால் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். கொடுக்கு அங்கே எட்டாது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

மீன் பிடிக்க விரும்புகிறவர்கள் நைலான் நரம்பு, சிறிய தூண்டில் முள், ஈயக் குண்டு ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். உரித்த இறால் நல்ல இரை. மணல் தரை உள்ள இடத்தில் கிழங்கான் மீன் கிடைக்கும். காலையிலும் மாலையிலும் மீன் நன்றாகக் கடிக்கும்.

ஜாக்கிரதை!

மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும். ஆகையால் தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை பயந்து ஓடிவிடும்.

கெளிறு, ஓரா ஆகிய மீன்களின் முள்ளிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். வலி குறையும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடுங்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தூண்டிலில் பேத்தை மீன் அகப்பட்டால், பந்துபோல் வயிற்றை ஊதிக்கொள்ளும். அதைச் சமைக்கக் கூடாது. எவ்வளவு வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. உயிருக்கே ஆபத்து!

கடல் அட்டை, கடல் குதிரை இவற்றைக் குழந்தைகள் ஆசையாக எடுப்பார்கள். எடுக்க விடக் கூடாது. 2001 முதல் இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிடித்தால் வழக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடக் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆணா? பெண்ணா?

இந்தக் கடலில் அதிகம் கிடைப்பது நீலக்கால் நண்டு. இதன் கடைசிக் கால்கள் இரண்டும் துடுப்புப்போல் தட்டையாக இருக்கும். ஆண் நண்டு நல்ல நீல நிறம். பெண் நண்டு மங்கலான நிறம்.

நண்டைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் ஒரு மூடி தெரியும். அது குறுகலாக இருந்தால் ஆண். அகன்று இருந்தால் பெண்.

சில பெண் நண்டுகளுக்கு அந்த மூடிக்கு வெளியே கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும். முதலில் மஞ்சளாக இருக்கும். பொரியும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவிடும். ஒரே நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும்! அவற்றில் பிழைத்து வளர்பவை மிகச் சிலவே.

இந்த நண்டை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தூக்கி எறியக் கூடாது. மெல்ல இறக்கிவிட வேண்டும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சு நண்டுகளையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

"ஒரு நண்டுதானே, என்ன வந்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம்.

இந்தக் கரையில் நண்டு வலையை நம்பியே அடுப்பு எரியும் குடும்பங்கள் பல. இங்கே பிடிபடும் நண்டின் சதை பக்குவம் செய்யப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. உல்லாசத்துக்காக வருகிறவர்கள் முட்டை நண்டை எடுத்துப் போனால், நஷ்டம் அந்தக் குடும்பங்களுக்கு.

மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. பிழைப்பை விட்டு அவர்கள் இரண்டு மாதம் காத்திருக்கிறார்கள். பொழுதுபோக்க வந்தவர்கள் ஒரு நண்டை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

வீடு திரும்பும்போது

பிடித்த நண்டை ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். செத்து நேரமான நண்டைச் சமைக்கக் கூடாது. அது சீக்கிரம் கெட்டுவிடும்.

அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. ஆமையும் பறவையும் அதில் சிக்கிச் சாகும்.

கூடையில் ஒரு நண்டு குறைந்தால், அன்றைய குழம்பில் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். முட்டை நண்டு கூடைக்குள் போனால், நாளைய கடலில் குறையும்!