வெட்கமா? உயிரா?

சுரண்டைச் சந்தையிலே கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறாள் நம் தாய். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும். உள்ளே புழு என்று ஒதுக்குகிறாள். காய்க்கு இத்தனை சோதனை! அவள் உடலிலே கருப்பை வாய்ப் புற்று அரும்பினால் பார்ப்பவர் யார்?

“வெட்கம்” என்கிறார்கள். வெட்கமா, உயிரா — எது பெரிது?

ஒரே இரவில் வந்து கழுத்தைப் பிடிக்கும் நோயல்ல இது. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தொற்றி, நீங்காது தங்கி, புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். இத்தனை தவணை தரும் பகைவனிடமும் தோற்பதா?

“செலவாகுமே!” என்பார்கள். திண்டுக்கல் மாவட்டம் பதில் சொல்லிவிட்டது. 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே சோதித்தனர். கருவி என்ன? வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் தோய்த்த பஞ்சு, ஒரு விளக்கு, ஒரு நிமிடப் பொறுமை. கோளாறுள்ள இடம் வெளுத்துக் காட்டும். வெளுத்ததெல்லாம் புற்றல்ல, மேலும் பார்க்கவேண்டும் என்பதற்கு அடையாளம். தக்கவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்தனர். 2007இல் வெளிவந்த முடிவு என்ன? சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, இந்நோயால் சாவு 35 சதவீதம் குறைவு!

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. அழைக்கப்பட்டவர் 49,311 பேர். வந்தவர் 31,343 பேர். வாசல்வரை வந்த வாழ்வை, ஏறத்தாழ 18,000 பெண்கள் பெறவில்லை!

அழைத்தால் மட்டும் போதாது என்பதே இதன் பாடம். சுரண்டை வட்டாரத்திலே மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய், அரைநாள் எழுந்து சென்றால் அரைநாள் கூலி போயிற்று. ஆகவே கேட்கிறோம்: அவள் பீடிக்கடைக்கு வரும் நாளிலே, அதற்கு அருகிலேயே, திரைமறைவும் பெண் செவிலியரும் கொண்ட முகாம் நடத்தினால் என்ன?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அழுது ஓய்ந்துவிடவில்லை. அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நம்மிடம் கேட்கப்படுவது மருத்துவமனை அல்ல, ஒரு வார்த்தை!

தோழர்களே! மேடையேறிப் பெண்ணுரிமை முழங்கும் நாம், இன்றிரவு வீட்டிலே சொல்வோம்: “போய்ப் பார்த்துவிட்டு வா. அதுவரை அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அதைச் சொல்லக் கூசுகிறவர், மேடை ஏறவும் கூசட்டும்!